மூன்று தரம் செத்த மாடு

“குக்கர் சுவிட்ச மட்டும் தட்டிட்டுப் போ யசோ. கறிய நான் வந்து வைக்கிறேன்.”

வாசலில் நின்று சப்பாத்தை மாட்டிக்கொண்டே இளங்கோ சொன்னார். கண்டி மஹய்யாவ வீட்டில் யசோதினி அவரிடம் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். மடுல்கெல்லைத் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குக் கரண்ட் வயர் இழுக்கப் போனவர் மேல் மழையோடு மலையும் சரிந்தது.

ஆளைத் தோண்டி எடுத்தபோது சட்டைப் பையில் போனும் இருந்தது. வீரம்மா என்ற தோட்டத்துப் பெண் அதைத் துடைத்து, சேலைத் தலைப்பில் முடிந்து, இரண்டு பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு பிளேன்டீகூடக் குடிக்கவில்லை. அந்த முடிச்சை நினைக்கும்போதெல்லாம் யசோதினிக்குக் கைகூப்பத் தோன்றும்.

வீட்டு வீடியோக்கள் எல்லாம் சேற்றில் ஊறி அணைந்துபோன அந்தப் போனில்தான் இருந்தன. ஒன்றிலும் இளங்கோ தெரியமாட்டார், எடுத்தவரே அவர்தானே. “இங்க பாரு குட்டி, அப்பாவப் பாரு” என்று குரல் மட்டும் கேட்கும். மூன்று வயது மகளுக்கு இப்போது அந்தக் குரல் மறந்துகொண்டிருந்தது.

“உசிர் இருக்கு மிஸ்,” என்றார் டவுனில் போன் திருத்துபவர். “ஆனா உள்ள கெடக்கிறத எடுக்க, பொலிஸ்ல பாவிக்கிற மாதிரித் தடயவியல் மென்பொருள் வேணும். அது எங்ககிட்ட எங்க?”

யசோதினி வேலை பார்த்தது கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பெனிக் கிளையில். நட்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வதில் எது மெய், எது பொய் என்று பார்க்கும் பிரிவு. அந்த மென்பொருளைக் கம்பெனியே வாங்கவேண்டும், வாங்கினால் இன்னின்ன லாபம் என்று அவள் ஓர் அறிக்கை எழுதினாள். இளங்கோவின் போனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

“றிஸ்வி சேர்கிட்டயா குடுக்கப் போறே?” பக்கத்து மேசைக் கலாராணி வாயைப் பொத்திச் சிரித்தாள். “புதுக் கேத்தல் கேட்டதுக்கே, பழசு ஏன் கொதிக்கலன்னு விசாரணை வச்ச மனுஷன்!”

துக்க மாதம் முழுக்க யசோதினியின் கோப்புகளையும் சேர்த்துப் பார்த்தவள் கலாராணி. அவள் கேலி வலிக்காது.

றிஸ்வி கொழும்பிலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்த முகாமையாளர். அறிக்கையை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

“இந்தக் காசுக்கு ஒரு வேனே எடுக்கலாமே, யசோதினி. வேன் ஓடும். இது என்ன செய்யும்?”

“மாட்டப் பிடிக்கும் சேர்.”

“நீங்க எழுதின அந்த மாடா?”

அவள் மூன்று படங்களை மேசையில் பரப்பினாள். “இது கம்பளையில கார்ல அடிபட்டுச் செத்த மாடு. இது கட்டுகஸ்தோட்டையில வேன்ல. இது மாத்தளையில லொறியில. நெத்தியில வெள்ளைப் புள்ளியப் பாருங்க சேர். ஒரே மாடு மூணு தரம் செத்திருக்கு. மூணு வண்டிக்கும் நாம நட்டஈடு குடுத்திருக்கோம்.”

றிஸ்வியின் தாடி அசைந்தது. “பாவம், செத்தும் உழைச்ச மாடு.”

“படம் எங்க எடுத்தது, எப்ப எடுத்ததுன்னு இந்த மென்பொருள் சொல்லிடும் சேர்.”

“அது சரி. தண்ணியில கெடந்த போன்ல இருந்தும் எடுக்கும் எண்டு எழுதி ஈக்கிறீங்க, மெய்யா எடுக்குமா?”

யசோதினி பையை மடியோடு இழுத்துக்கொண்டாள். “அநேகமா எடுக்கும் சேர்.”

“அதுக்குப் பொறகு ரெண்டு வருஷம் சும்மா கெடந்தா?”

“அப்பவும் வாய்ப்பு இருக்கு.”

“வாய்ப்பு எண்டா? அரைவாசியா, காவாசியா?”

“பார்க்காம சொல்ல ஏலாது சேர்.”

“பூட்டைத் தொறக்கிற நம்பர் தெரிஞ்ச ஆள் உசிரோட இல்லாட்டி?”

“மென்பொருளே தொறந்திடும் சேர். சொந்தக்காரங்க சம்மதம்னு எழுதிக் குடுத்தாப் போதும். புருஷன் பொஞ்சாதி, தாய் தகப்பன்…”

அவர் மேலும் மேலும் துருவத் துருவ யசோதினிக்கு வேர்த்தது. தட்டிக்கழிக்க ஓட்டை தேடுகிறார். இல்லையென்றால் விஷயம் தெரிந்துபோய்விட்டது. இனி ஒளித்துப் பயனில்லை.

“சேர், நான் ஒண்ண மறைச்சிட்டேன். என் பையில ஒரு போன் இருக்கு. எங்க வீட்டுக்காரரோட. மாடு பொய்யில்ல. ஆனா இத எழுத வச்சது அந்தப் போன்தான்.”

“நீங்க எங்க மறைச்சீங்க? மாட்டுக்கு அரைப் பக்கம், நனைஞ்ச போனுக்கு ஆறு பக்கமெல்லோ எழுதி ஈக்கிறீங்க!” றிஸ்வி பேனாவைத் திறந்தார். “கொழும்புக்கு அனுப்ப முந்தி மாட்ட முன்னுக்குப் போடுங்க. மாடு ஒண்டே போதும், அவங்க வாங்கித் தருவாங்க.”

கையெழுத்தை வைத்தார். “வந்ததும் ஏதாவது ஒரு போன்ல போட்டுப் பாக்கத்தானே வேணும். மொதல்ல உங்கட வீட்டுக்காரர்ட போன்.”

யசோதினி கைகூப்பினாள். “சேர், இதுக்கு நான் எப்படி…”

“நன்றியெல்லாம் பொறகு செல்லுங்க.”

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்து, ஒரு கண்ணாடிப் போத்தலை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்தார். போத்தல் நிறைய அரிசி. அரிசிக்குள் ஒரு போன்.

“ரெண்டாவது, என்ட மகள்ட,” என்றார். “கேம்பஸால வாற வழியில, வெள்ளத்துல. ஈரம் இழுக்கட்டும் எண்டு மாசாமாசம் அரிசிய மாத்துறேன்.”

போனின் உறைக்குள் மகளுடைய பேராதனை பஸ் சீசன் டிக்கெட் செருகியபடியே இருந்தது.