அரளித் தொட்டி

"ராத்திரி மைனஸ் எட்டு டிகிரியாம்," என்றாள் என் மனைவி போதில், காபியை ஊற்றியபடி.

பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு அக்டோபரிலும் அரளித் தொட்டியை மூன்று மாடி தூக்கி வந்து, படிக்கட்டு ஜன்னலோரம் வைத்துக் குளிரிலிருந்து காப்பாற்றினோம். இந்த வருஷம் அது முற்றத்திலேயே கிடந்தது. என் இடுப்பில் முதுகுவலி பெல்ட்.

"ஞாபகம் இருந்துச்சு," என்றேன் கடைசியில். "வேணும்னேதான் விட்டேன். உன் செடி. மன்னிச்சுக்க."

"என் செடியா? உனக்குப் பிடிக்கும்னுல்ல நான் அடியில பிடிச்சு முதுகை ஒடச்சுக்கிட்டேன்? நானும் வேணும்னேதான் வாயை மூடிட்டு இருந்தேன், சிக்ஸ்டன்."

இருவரும் காபியைப் பார்த்தோம்.

"செத்திருக்குமா?" என்று கேட்டேன்.

"மைனஸ் எட்டுல பின்ன என்ன?"

பல வருஷங்களுக்குப் பிறகு என் தோள்கள் லேசாயின. அப்போது மணி அடித்தது.

வாசலில் கீழ்வீட்டு ரூனெ மூச்சு வாங்க நின்றார். பக்கத்தில் அரளித் தொட்டி.

"மறந்துட்டீங்களேன்னு நேத்து சாயங்காலமே எங்க வீட்டுக்குள்ள இழுத்து வச்சுட்டேன். கவலைப்படாதீங்க. இனிமே வருஷா வருஷம் நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

போதில் இன்னொரு கோப்பை எடுத்து வைத்தாள். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தினேன்.