சந்தனப் பொட்டிட்ட விளையாட்டு

ஞானசௌந்தரி அம்மையார் நாள்தோறும் நூலகத்துக்கு வந்து, பக்கவாதத்தில் மடங்கிய வலக்கையை இடக்கையால் தூக்கி மேசைமேல் வைத்த பின்னரே நாளிதழைப் பிரிப்பார். வீடியோ கேம் ஆடினால் விரல்கள் நிமிரக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அத்தகைய கருவி ஒன்று நூலகத்துக்கே வந்தது. நூலகர் தணிகாசலமோ அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், சந்தனப் பொட்டிட்டுக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிட்டார்.

“எப்ப சார் திறப்பீங்க?”

“ஆடிட் முடியட்டும்மா. ஒரு கீறல் விழுந்தாலும் என் தலைதான் உருளும்.”

“போன ஆடிட்டுக்கும் இதையேதான் சொன்னீங்க. பூசையில வைக்கவா சார் அதை வாங்கினாங்க?”

நூலகர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்மையார் ஒரு நாற்காலியை இடக்கையால் இழுத்து அலமாரியின் முன் போட்டு அமர்ந்தார்.

“சாயங்காலம் என்னையும் சேர்த்து வச்சுப் பூட்டிடுங்க. நான் எழுந்திரிக்கப் போறதில்ல” என்று அமைதியாகச் சொன்னார்.