ஆறாவது விருப்பம்

கெமிக்கல் இன்ஜினியரிங் என்ற பெயரைக் கேட்டாலே பிலோமிக்கு ஆகாது. ரசாயனத் தொழிற்சாலையில் வாயு கசிந்த அன்று, அங்கே வேலை பார்த்த கணவர் சவரிமுத்து உயிரோடு திரும்பிவிட்டார். ஆனால் அதன் பிறகு அவருக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. மகள் ஜெசிந்தா அதே படிப்பைத்தான் கேட்டாள். உள்ளூர்க் கல்லூரி என்றால் படி என்று பிலோமி ஒருவழியாக இறங்கிவந்திருந்தாள்.

கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை உறுதிசெய்ய அன்று கடைசி நாள். பிரவுசிங் சென்டரில் மூவரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர்க் கல்லூரி முதலில் இருந்தது. எட்டு மணி நேரப் பயணத் தொலைவிலிருந்த பல்கலைக்கழகம் ஆறாவதாக இருந்தது.

"அங்க என்ன விசேஷம்?" என்று சவரிமுத்து கேட்டார்.

"ஆலைப் பாதுகாப்புக்குத் தனிப் பாடமே இருக்குப்பா. லேபும் இருக்கு."

அவர் திரையை நோக்கிக் குனிந்தார். "அன்னைக்கு அந்த வால்வு ஏன் பிச்சுக்கிச்சுன்னு இதுவரைக்கும் எங்க யாருக்கும் தெரியலம்மா. அத எங்க சொல்லித் தருவாங்களோ, அதப் போடு முதல்ல."

ஜெசிந்தா ஆறாவதை முதலிடத்துக்கு ஏற்றினாள். உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தாமல் அம்மாவைப் பார்த்தாள். பிலோமி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊர்ல தண்ணி நல்லா இருக்குமா?" என்றாள், திரும்பாமலே.