வடக்கே ஒரு பிள்ளை

நகுலேஸ்வரனின் பயணப் பையின் அடியில், கம்பளிச் சட்டைக்குள் சுற்றியபடி, ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து இருந்தது. மூன்று வயதுப் பிள்ளையின் கால் அளவு. நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவர்கள் இருந்த வீட்டில் பிள்ளைகள் யாரும் இல்லை.

"இது ஆருக்கு?" மனைவி சிவமலர் கேட்டாள்.

"என்னோட வேலை செய்யிற மாக்கிரட்டின்ர பிள்ளைக்கு. அங்க இதெல்லாம் வாங்கேலாதல்லோ." அவர் பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாலு வருடமாக அவர் வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையில், ஓர் இனுவிட் பழங்குடிக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரர். இரண்டு மாதம் அங்கே, இரண்டு கிழமை இங்கே. ஆறு வயதில் காய்ச்சலில் போன மகன் கஜீவனின் நினைவு தாங்காமல்தான் அவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று அவள் நம்பியிருந்தாள். அவன் பெயரைக்கூட வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தான்.

ஆனால் போன கிழமை, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் தொலைபேசியில் கதைத்தது கேட்டது. "ஓம் மகன்... வாறன் மகன்... அழக்கூடாது, என்ன?"

கீழ் வீட்டு அல்போன்சம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

"கேட்டால் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டினம், பிள்ளை. நேர போய்ப் பார். பள்ளிக்கூடத்தால வருசத்துக்கு ஒருக்கா பெண்சாதிக்கும் பிளேன் ரிக்கற் குடுக்கிறவை எண்டு நீதானே சொன்னனி?"

"அந்தப் பனிக்குள்ள நான் என்னத்துக்கு, அக்கா?"

"உன்ர மனிசன் என்னத்துக்குப் போறார் எண்டு பாக்கத்தான்!"

அன்று இரவுச் சாப்பாட்டில் சொன்னாள். "இந்த முறை நானும் வாறன்."

அவர் கை புட்டுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. "உண்மையாவோ? வாறதெண்டால்... உனக்கு ஒரு விசயம் சொல்லவேணும்."

"ஒண்டும் சொல்லவேண்டாம். நான் வந்தே பாக்கிறன்."

சந்தேகம் சரியென்றால் வந்த விமானத்திலேயே திரும்பி, புரோசார்ட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவெடுத்துத்தான் ஏறினாள். வழி முழுக்க அவருடன் கதைக்கவில்லை. கீழே முதலில் மரங்கள் முடிந்தன, பிறகு தெருக்கள் முடிந்தன. கடைசியில் கரை எது, உறைந்த கடல் எது என்றே தெரியவில்லை.

இறங்கியதும் ஒரு பிள்ளை ஓடிவந்து நகுலேஸ்வரனின் காலைக் கட்டிக்கொண்டது. இரட்டைப் பின்னல், கன்னம் இரண்டும் சிவந்த பெண்பிள்ளை. சிவமலர் அந்த முகத்தில் அவருடைய மூக்கைத் தேடினாள், கண்ணைத் தேடினாள்.

பின்னால் சிரித்தபடி வந்த மாக்கிரட், பிள்ளையைக் கூப்பிட்டாள். "கஜீவன்!"

பிள்ளை திரும்பிப் பார்த்தது.

சிவமலர் கணவன் பக்கம் திரும்பினாள். "என்ர பிள்ளையின்ர பேரைக் கொண்டுவந்து இவள் பெத்ததுக்கு வைச்சிருக்கிறியள், என்ன?"

"நான் வைக்கேல்லை, சிவா. அதைத்தான் நான்..."

"பொம்பிளைப் பிள்ளைக்கு அவன்ர பேர்! மனம் எப்பிடி வந்தது? விடுங்கோ, இந்தப் பிளேனிலேயே நான் போறன்."

அவள் திரும்பியபோது உயரமான ஒருவன் எதிரே வந்து, அவளுடைய பெட்டியை மரியாதையாக வாங்கிக்கொண்டான். "பற்றிக். மாக்கிரட்டின்ர மனிசன்," என்றார் நகுலேஸ்வரன். அதே வட்ட முகம், அதே நாடிக் குழி. பிள்ளையை அவனில் இருந்து உரித்து எடுத்தது போல் இருந்தது.

சிவமலரின் கோபம் நிற்க இடமில்லாமல் தவித்தது. "அப்ப என்னத்துக்கு இந்தப் பேர்?"

"மாக்கிரட் வயித்துப்பிள்ளையோட இருக்கேக்க, சமையல்கட்டில நிண்டு எங்கட பிள்ளையைப் பற்றிச் சொல்லி அழுதுபோட்டன். பிள்ளை பிறந்தவுடன அவையளே இந்தப் பேரை வைச்சிட்டினம். இஞ்ச ஆம்பிளை, பொம்பிளை எண்டு பாக்கிறேல்லை. செத்த ஆளின்ர பேரை வைச்சால், அந்த ஆளே திரும்பி வந்தமாதிரித்தான். வீட்டில உன்னட்டை நான் இதை எப்பிடிச் சொல்லுறது, சிவா?"

பிள்ளை அவர் காலை விட்டு வந்தது. சிவமலரின் முன்னால் நின்று, அண்ணாந்து பார்த்து, தன் மொழியில் என்னவோ கேட்டது. மாக்கிரட்டின் சிரிப்பு நின்றுபோனது.

"என்னவாம்?" என்றாள் சிவமலர்.

நகுலேஸ்வரன் பிள்ளையின் பக்கத்தில் குனிந்து சொன்னார்.

"அம்மா ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை எண்டு கஜீவன் கேக்கிறான்."