மூன்று 'தயவுசெய்து'

சமுதாயக் கல்லூரியின் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பு. அன்றைய பயிற்சி, யாருக்காவது ஒரு விண்ணப்பம் டைப் செய்வது. கடைசி வரிசைப் பெண் அடித்தது புரொஜெக்டர் வழியே சுவரில் விழுந்தது.

பெறுநர்: என் கணவர். பொருள்: வேலைக்குச் செல்ல அனுமதி கோருதல்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

"தேதி வலது ஓரம் போகணும். மார்ஜின் சரியா இருக்கு" என்றார்.

"விஷயம் சரியா இருக்கா சார்?"

"மூணு இடத்துல 'தயவுசெய்து' வருது. ஒண்ணு போதும்."

"அப்பவாவது மனசு இறங்குவாரான்னு பார்த்தேன் சார்."

முன்வரிசைப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "நீங்களே சொல்லுங்க சார், இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மனுஷனா?"

ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சரி, அடுத்த லெட்டர்" என்றார்.

அவள் திருத்தி, பிரிண்ட் எடுத்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் ஆசிரியர் பைக்கைக் கிளப்பினார். வழக்கம்போல அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மடித்த தாளை அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"வீட்டுக்குப் போனதும் கையெழுத்து போட்டுடுங்க. ஒரு 'தயவுசெய்து' போதும்னீங்க. நான் அதையும் எடுத்துட்டேன்."