நேரக்காப்பாளரின் அறிக்கை

அடுத்த தலைவராக வர யாருக்கு விருப்பம் என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் அவசரமாகக் குறிப்பேட்டில் எதையோ எழுத ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை காலை, நூலகத்து மாடி அறை. எங்கள் பேச்சுப் பயிற்சி மன்றத்துக்கு அன்று பதினோரு பேர் வந்திருந்தோம்.

தலைவர் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பாளர். ஆறு வருடமாக அவரேதான் தலைவர். ஒவ்வொரு வருடமும் தேர்தல் என்று அறிவிப்பார். ஒருவரும் வாயைத் திறக்கமாட்டோம். பேசுவதற்கென்றே கூடுகிற கூட்டத்தில் இப்படி ஒரு அதிசயம்.

நான் நேரக்காப்பாளன். பேச்சாளருக்கு ஐந்தாவது நிமிடம் பச்சை அட்டை, ஆறாவது நிமிடம் மஞ்சள், ஏழாவது நிமிடம் சிவப்பு. கூட்டத்தின் கடைசியில் யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று அறிக்கை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

அன்று தலைவர் சுற்றி வளைக்கவில்லை. நீங்கள் எல்லோரும் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள், ஆனால் புதிதாக ஒருவர் வந்து கை நடுங்க நிற்கும்போது பக்கத்தில் போய் நிற்க யாருக்காவது தோன்றியிருக்கிறதா என்று கேட்டார்.

மூன்று மாதம் தலைமைப் பயிற்சி. ஒரே ஒருவர் சேர்ந்தால் போதும். இன்றைக்குள் ஒரு பெயராவது போகாவிட்டால் மன்றத்தைக் கலைத்துவிடுவதாகத் தலைமையகம் எழுதியிருந்த கடிதத்தையும் படித்துக் காட்டினார்.

நான் பச்சை அட்டையைத் தூக்கினேன்.

அப்போதுதான் அதைச் சொன்னார்.

"புதன்கிழமை எனக்குத் தொண்டையில ஆபரேஷன். அதுக்கப்புறம் பேச்சு வருமான்னு டாக்டருக்கே தெரியல. இனிமே நீங்க யாராவது வந்தாத்தான் உண்டு."

இரண்டு மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில் யாரோ மெல்ல, 'பலே' என்றார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்பவர்களை உலுக்க வேண்டும், அதற்காகக் கொஞ்சம் கற்பனை கலந்தாலும் தப்பில்லை என்று சொல்லிக் கொடுத்ததே தலைவர்தான். போன மாதம், செத்துப்போன தங்கையைப் பற்றிப் பேசி எங்கள் எல்லோரையும் அழவைத்தார். அவருக்குத் தங்கையே கிடையாது. பள்ளி வேன் ஓட்டுகிறவர் இதுவரை இரண்டு பேச்சில் தன் அப்பாவைக் கொன்றிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரை அழைத்துப் போக ஸ்கூட்டரில் வருவது அந்த அப்பாதான்.

மஞ்சள் காட்டினேன். சிவப்பும் காட்டினேன். தலைவர் நன்றி சொல்லி அமர்ந்தார்.

பலத்த கைதட்டல்.

விமர்சனம் செய்ய எழுந்தவர் காப்பீட்டு முகவர். ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் அவருக்கு 'மைக்' என்றே பெயர். முதலில் மூன்று பாராட்டு, பிறகு ஒரு குறை. இதுவும் தலைவர் வகுத்த முறைதான்.

இடைவெளி விட்ட விதம் பிரமாதம் என்றார் மைக். கடிதத்தை எடுத்துக் காட்டியது நல்ல உத்தி. குரல் அங்கங்கே கம்மியது மிக இயல்பு, எத்தனை நாள் பயிற்சியோ தெரியவில்லை.

பிறகு குறை. "அந்த ஆபரேஷன் இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் நம்புற மாதிரி இருந்திருக்கலாம். முகத்துல பயம் பத்தல."

விமர்சனத்துக்கு மறுபேச்சு கூடாது, நன்றி மட்டும்தான் சொல்ல வேண்டும். அந்த விதியைப் போட்டவரும் அவரே. எழுந்து நன்றி சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

பயிற்சிக்கான படிவம் கைக்குக் கை மாறியது. மருந்துக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஒழியாதாம். வேன்காரர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் பேனாவை வாங்கியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் நெடுநேரம் யோசித்து எதையோ எழுதினார்.

படிவம் மேசைக்குத் திரும்பியது. கையெழுத்துப் போடும் இடத்தில் 'அருமையான பேச்சு' என்று எழுதியிருந்தது.

என்னிடம் அது வரவே இல்லை. என்னைத் தாண்டி நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் தலைவராவேன் என்று யாருக்குத்தான் தோன்றும்? எனக்கே தோன்றவில்லை.

அன்றைய சிறந்த பேச்சாளராகத் தலைவரையே தேர்ந்தெடுத்தார்கள். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுவிட்டார் மைக். போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியாக நேரக்காப்பாளரின் அறிக்கை. தலைவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

எழுந்தேன். பத்து முகமும் என்னைப் பார்த்தன. படிவம் மேசை மேல் கிடந்தது. மன்றம் இன்னும் கலையவில்லை. நான் சொன்னால் நம்புவார்கள். வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டார்கள், நான் சொன்னால் நம்புவார்கள்.

காலையில் வீட்டைப் பூட்டும்போதே சொல்லியிருந்தாள்.

"ஆபரேஷன்னு நான் சொன்னா நடிப்புன்னுதான் நினைப்பாங்க. புருஷன் நீங்க எந்திரிச்சு, ஆமா, நிஜந்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்காக."

சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

"தலைவர்," என்றேன். யாரோ தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்கள். "தலைவர் எடுத்துக்கொண்ட நேரம், ஏழு நிமிடம் பத்து விநாடி."

எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், நான் உட்காரும் வரைக்கும்.