மேய்ப்பனில்லாத ஊர்

சகல ஆத்துமாக்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், கிருமாம்பாக்கம் போதகர் எலியேசர் ஐயா, கென்யா தேசத்தின் மேய்ப்பனில்லா ஆடுகளைத் தேடி மீண்டும் விமானம் ஏறுகிறார்.

வழியனுப்பு விழாவில் ஆளுயர மாலைக்குள் நின்ற ஐயாவை நெருங்கினாள் அவர் சபையைச் சேர்ந்த குருவிநத்தம் சலோமி. அவள் கணவர் மோசஸ் படுத்த படுக்கை.

“ஐயா, போறதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்கு வந்து அவருக்குத் திருவிருந்து அப்பம் குடுத்து ஜெபம் பண்ணிட்டுப் போங்க. ரொம்ப நாள் தாங்க மாட்டாரு.”

“குருவிநத்தமா? ரோடு சரியில்லையேம்மா.”

“கென்யாவுக்கு மட்டும் நல்லாக்கீதாங்கையா?”

“அது தேவ அழைப்பும்மா. போன தடவ அங்க மேடையில உங்க வூட்டுக்காரர் போட்டோவக் காட்டி எவ்ளோ அழுதேன் தெரியுமா? சபையே சேந்து அழுதுச்சு.”

“அந்த அழுகைய இங்க வந்து அழுதிருந்தா அவரும் பாத்திருப்பாரு.”

ஐயா புன்னகைத்து, அடுத்த மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.

நைரோபியில் அவரை வரவேற்க வந்தவர் அந்தச் சபையின் மூப்பர் மட்டுமே.

“உங்கள் போதகர் எங்கே?”

“ஊழியத்துக்காக வெளிநாடு போயிருக்கிறார். நீங்கள் காட்டிய படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை.”

மூப்பர் கைப்பேசியை நீட்டினார். சலோமியின் வீட்டுக் கட்டிலருகே கென்யப் போதகர் மண்டியிட்டிருந்தார். மோசஸ் திருவிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

“அங்கே விசாரித்தாராம்,” என்றார் மூப்பர். “அந்த ஊருக்குப் போதகரே கிடையாது என்று நீங்கள் மேடையில் சொன்னது உண்மைதானாம்.”